ஒரே வைரஸ், ஒரே ஆபத்து இல்லை: கரோனா வார்டில் யார் கணக்கில் வந்தார்கள், யார் விடுபட்டார்கள்?

தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் 'சானடோரியம்' என்று அறிவிப்பு வரும். தினமும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்தவர்கள் குறைவு. 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் காரணம். 1937-ல் அதை அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

சவுரி முத்துவின் கதையில் இன்னொரு பாதி உண்டு. தாம்பரத்துக்கு வருவதற்கு முன் அவர் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தவர். சோமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கே சிகிச்சை பெற்றார். அதாவது, வெள்ளையர் நாட்டில் நுரையீரல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட இந்திய டாக்டர்களில் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

அதற்குச் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 2020-ல், இன்னொரு நுரையீரல் நோய் உலகைச் சுற்றி வந்தது. இங்கிலாந்தில் அதை எதிர்த்து நின்று இறந்த மருத்துவப் பணியாளர்களின் பட்டியல் வெளியானபோது, அந்த நாடே அதிர்ந்தது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருந்தவை நம்மைப் போன்றவர்களின் பெயர்கள். சரி, தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அதே வார்டுகளைப் பார்த்துக்கொண்டவர்களின் பட்டியல் எங்கே? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

2020 ஏப்ரலில் ஒரு தகவல் வெளிவந்தது. கரோனாவால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் பத்து டாக்டர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். ஒருவர்கூட வெள்ளையர் இல்லை.

தற்செயலா? அதே மாதம் 22-ம் தேதி 'ஹெல்த் சர்வீஸ் ஜர்னல்' ஓர் ஆய்வை வெளியிட்டது. இறந்த 106 சுகாதாரப் பணியாளர்களின் விவரங்களை மூன்று மருத்துவ நிபுணர்கள் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்-ஸில் சிறுபான்மை இனத்தவர் 21%தான். இறந்தவர்களில் அவர்களின் பங்கு 63%. டாக்டர்களை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம்: பணியில் 44%, இறப்பில் சுமார் 95%.

ஜூன் மாதம் அந்நாட்டின் பொது சுகாதார அமைப்பும் அறிக்கை தந்தது. வயது, பாலினம், வறுமை, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கரோனா வந்தால் வங்கதேச வம்சாவளியினர் இறக்கும் ஆபத்து வெள்ளையரைப் போல் சுமார் இரண்டு மடங்கு. இந்தியர், பாகிஸ்தானியர், கரீபியர் போன்றோருக்கு 10 முதல் 50% வரை அதிகம். ஆனால் அந்த அறிக்கையே ஒன்றை ஒப்புக்கொண்டது: யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

அப்போ மரபணுதான் காரணமா?

முதலில் பலரும் சொன்னது அதைத்தான். 'ஆசியர்களுக்கு சுகர் அதிகம், வைட்டமின் டி குறைவு' என்று. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் கரோனா கடுமையாகும் என்பது உண்மை. ஆனால் 63%-ஐ அது மட்டும் விளக்கிவிடாது.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் விளக்கம் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 2020-ல் தன் உறுப்பினர்களிடம் ஒரு சர்வே எடுத்தது. போதிய பாதுகாப்பு உடை இல்லாமல், தொற்று அதிகம் பரவும் சிகிச்சைகள் நடக்கும் இடத்தில் வேலை செய்ய அழுத்தம் வந்ததா என்பது கேள்வி. 'ஆமாம்' என்றவர்கள் சிறுபான்மை டாக்டர்களில் 64%. வெள்ளை டாக்டர்களில் 33%.

ஏன் இந்த வித்தியாசம்? விசா ஒரு காரணம். பதவி உயர்வு, மேலதிகாரியின் அபிப்ராயம் இன்னொரு காரணம். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் மூன்றாவது. 'இந்த மாஸ்க் எனக்குப் பத்தல' என்று சொல்ல முடிந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, சொல்லத் தயங்கியவருக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்குள்ள நர்ஸ்களில் பிலிப்பினோ வம்சாவளியினர் சுமார் 4%. கரோனாவில் இறந்த நர்ஸ்களில் அவர்கள் 31.5% என்று அந்நாட்டுச் செவிலியர் சங்கம் 2020 செப்டம்பரில் கணக்கிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிலும், நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலும் அதிகம் இருந்தவர்கள் அவர்கள்.

கருவிகளும் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. கரோனா நாள்களில் நம் வீடுகளில் எல்லாம் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? ஒளியைத் தோல் வழியே அனுப்பி ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் கருவி அது. கறுப்பின நோயாளிகளுக்கு ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும், கருவி 'நார்மல்' காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிட கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

நம்ம ஊரில் 'சிறுபான்மை' யார்?

இங்கே தோல் நிறத்தை வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. எந்த மாநிலம், எந்த சாதி, எந்த மொழி, நிரந்தரப் பணியா காண்ட்ராக்டா என்றுதான் பார்க்க வேண்டும்.

2020 மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த 185 மணிப்பூர் செவிலியர்கள் ஒரே நேரத்தில் ஊர் திரும்பினார்கள். பாதுகாப்புக் குறைவு, சம்பளப் பிரச்சினை ஆகியவற்றோடு, முகத்தைப் பார்த்து இனரீதியாகக் கேலி பேசியதையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். வடகிழக்கு மாநிலத்தவரைத் தொற்றோடு சேர்த்துப் பேசித் துன்புறுத்துவதைத் தடுக்கும்படி, ஒன்றிய உள்துறை அமைச்சகம் அதற்கு முன்பே மார்ச் மாதம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது.

தமிழ்நாட்டில் அடுக்கு வேறு. ஒரு அரசு மருத்துவமனையில் மேலே டாக்டர்கள், அடுத்து நிரந்தரச் செவிலியர்கள், அடுத்து தொகுப்பூதியச் செவிலியர்கள், அதற்கும் கீழே அவுட்சோர்சிங் மூலம் வரும் தூய்மைப் பணியாளர்கள், வார்டு உதவியாளர்கள், காவலாளிகள். சென்னையில் தூய்மைப் பணியைத் தலைமுறைகளாகச் செய்துவருவோரில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். சாதியில் விளிம்பு, மொழியில் சிறுபான்மை, வேலையில் காண்ட்ராக்ட்: மூன்றும் ஒரே ஆளின் மேல் வந்து விழுகின்றன.

டாக்டருக்கே அந்த நாள்களில் என்ன நடந்தது என்பது சென்னைக்குத் தெரியும். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19-ம் தேதி கரோனாவால் இறந்தபோது, கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யக் கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தது. ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது. நள்ளிரவில் வேலங்காட்டில், சக டாக்டரே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அது தலைப்புச் செய்தியானது, வழக்கானது, நாடு முழுக்கக் கோபம் எழுந்தது. பெயர் தெரிந்த ஒரு டாக்டருக்கே இந்த நிலை. பெயர் பதிவேட்டில்கூட இல்லாதவருக்கு?

ஒரு வார்டில் யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்?

ஒரு உதாரணத்துக்கு, பெரும்பாக்கம் குடியிருப்பில் வசித்து, புறநகர் மருத்துவமனை ஒன்றில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், பார்ப்பார், போவார். நர்ஸ் மருந்து கொடுக்கவும் ஆக்சிஜன் பார்க்கவும் திரும்பத் திரும்ப வருவார். அந்த அக்காவோ வாந்தி துடைக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் தரையைத் துடைக்க வேண்டும். கரோனா கழிவை இரட்டை மஞ்சள் பைகளில் கட்டி, தனியாகப் பெயர் ஒட்டி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சிலேயே விதி வகுத்தது. அந்தப் பையைக் கட்டியது பெரும்பாலும் வார்டில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவரின் கைதான்.

டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் பொதுமக்களுக்கான பஸ் மீண்டும் ஓடத் தொடங்கியது 2020 செப்டம்பர் 1-ல். அத்தியாவசியப் பணியாளர்களுக்குப் புறநகர் ரயிலில் அனுமதி கிடைத்தது அக்டோபர் 5-ல். அதுவரை சிறப்புப் பேருந்தையோ, ஷேர் ஆட்டோவையோ, தெரிந்தவரின் பைக்கையோ நம்ப வேண்டும். வழியில் போலீஸ் நிறுத்தினால் 'நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறேன்' என்று சொல்ல ஐடி கார்டு வேண்டும். அதில் மருத்துவமனையின் பெயர் இருக்குமா, காண்ட்ராக்ட் கம்பெனியின் பெயரா?

வீட்டுக்கு வந்தால் 'தனி அறையில் இருங்க' என்ற அறிவுரை காத்திருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒரு வீடே சில நூறு சதுர அடி. நெரிசல் என்ன செய்யும் என்பதை மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் நடந்த ரத்த மாதிரி ஆய்வு காட்டியது: குடிசைப் பகுதிகளில் 57% பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மற்ற பகுதிகளில் 16%.

இவ்வளவும் சேர்ந்ததுதான் 'ஆபத்து'. சாதிக்கும் வைரஸுக்கும் நேரடியாக எந்த உறவும் இல்லை. யாருக்கு எந்த வேலை, எந்த வீடு, எவ்வளவு லீவு என்பதைச் சாதி முடிவு செய்கிறது. மிச்சத்தை வைரஸ் பார்த்துக்கொள்கிறது.

நம்மிடம் எண்ணிக்கை இருக்கிறதா?

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கரோனாவால் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள்? சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருவதால், அப்படியொரு தரவு ஒன்றிய அரசிடம் பராமரிக்கப்படவில்லை என்பது பதில். கோபமடைந்த இந்திய மருத்துவர் சங்கம், இறந்த 382 டாக்டர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது.

டாக்டர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, பதிவு எண் இருந்தது. அதனால் பட்டியல் போட முடிந்தது. மஞ்சள் பை கட்டியவருக்கு அப்படிப் பட்டியல் போட நாடு தழுவிய அமைப்பு எதுவும் இல்லை.

உலக அளவிலும் இதே ஓட்டைதான். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நாடுகள் அதனிடம் முறையாகத் தெரிவித்த எண்ணிக்கையோ 6,643.

இங்கிலாந்தில் இனப் பாகுபாடு குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே ஊழியர் பதிவேட்டில் இனம் என்ற பகுதி இருந்தது. இறந்தவர்களின் பெயரும் படமும் வெளிவந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 29-ம் தேதி, சிறுபான்மை ஊழியர்களின் ஆபத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு வேலை ஒதுக்கும்படி மருத்துவமனைகளுக்கு என்ஹெச்எஸ் தலைமை கடிதம் அனுப்பியது.

அங்கேயும் கடைசி அடுக்கு முதலில் விடுபடத்தான் செய்தது. கரோனாவில் இறக்கும் வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்களின் குடும்பத்துக்கு நிரந்தரமாக அங்கேயே வசிக்கும் உரிமை தரும் திட்டத்தில், தூய்மைப் பணியாளர்களும் போர்ட்டர்களும் சேர்க்கப்படவில்லை. சிரியாவிலிருந்து அகதியாக வந்த திரைப்படக் கலைஞர் ஹசன் அக்காத், அப்போது லண்டன் மருத்துவமனை ஒன்றில் தூய்மைப் பணி செய்துகொண்டிருந்தார். 2020 மே 20 அன்று காரில் உட்கார்ந்தபடி பிரதமருக்கு அவர் பேசிய வீடியோ வைரலானது. அன்றே அரசு அவர்களையும் திட்டத்தில் சேர்த்தது.

50 லட்சம் இன்ஷூரன்ஸ் எல்லோருக்கும்தானே?

ஆமாம், காகிதத்தில் எல்லோருக்கும். 2020 மார்ச் 26-ல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில் 22.12 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு. ஒப்பந்த, தினக்கூலி, அவுட்சோர்சிங் ஊழியர்களும் அதில் உண்டு. நல்ல விஷயம்தான்.

ஆனால் பணம் கோருவதற்கு ஆவணங்கள் வேண்டும். கரோனா பாசிட்டிவ் என்ற ஆய்வக அறிக்கை, இறப்புச் சான்று, கூடவே இறந்தவர் தங்களிடம் கரோனா பணியில் இருந்தார் என்று மருத்துவமனை தரும் சான்று. நிரந்தர ஊழியருக்கு டியூட்டி ரோஸ்டர் இருக்கும். காண்ட்ராக்ட் ஊழியரின் வருகைப் பதிவு கம்பெனியிடம், வேலை மருத்துவமனையில். 'அவங்ககிட்ட கேளுங்க' என்று இரண்டு பக்கமும் கை காட்ட இடம் இருக்கிறது. கணவனையோ மனைவியையோ இழந்த ஒரு குடும்பம், அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

தமிழக அரசு 2021 இரண்டாம் அலையின்போது ஊக்கத்தொகை அறிவித்தது. டாக்டர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, தூய்மைப் பணியாளர் உள்ளிட்ட பிறருக்கு 15,000 ரூபாய். அவர்களையும் நினைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு முறை தரும் தொகை, மாதாமாதம் இல்லாத பாதுகாப்புக்கு ஈடாகாது. தொற்றுக் காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,400-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. புத்தாண்டில் அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. அதுவும் தற்காலிகப் பணிதான்.

எண்ணவே முடியாதா?

முடியும். ஏற்கெனவே ஒரு முறை செய்திருக்கிறோம்.

2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கும் முன், நாட்டின் எல்லா மருத்துவமனைகளும் தங்கள் ஊழியர் பட்டியலை கோவின் தளத்தில் ஏற்றின. டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, டிரைவர், செக்யூரிட்டி, தூய்மைப் பணியாளர் எல்லோரும் 'சுகாதாரப் பணியாளர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தார்கள். டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி போடப்பட்டது ஒரு தூய்மைப் பணியாளருக்குத்தான்.

ஊசி போடத் தேவைப்பட்டபோது பட்டியல் சில வாரங்களில் தயாரானது. யார் இறந்தார்கள், யாருக்கு நுரையீரல் இன்னும் சரியாகவில்லை என்று பார்க்க அதே பட்டியல் பயன்படவில்லை.

தாம்பரம் பகுதிக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2020-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். சிட்லபாக்கம், பெருங்களத்தூர் போன்றவை பேரூராட்சிகள். ஒருவர் ஒரு நகராட்சியில் வசித்து, இன்னொன்றில் வேலை பார்த்து, செங்கல்பட்டில் சிகிச்சை பெற்றிருக்கலாம். 2021 நவம்பரில் இவை ஒன்றாகி மாநகராட்சி ஆயின. 2022-ல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவியில் 25 வயது வசந்தகுமாரி கமலக்கண்ணன் அமர்ந்தார். இன்று 70 வார்டுகளுக்கும் ஒரே நிர்வாகம். ஒரே பதிவேடு வைப்பது அன்றைவிட இன்று எளிது.

அடுத்த தொற்றுக்கு முன் என்ன செய்யலாம்?

* ஒவ்வொரு மருத்துவமனையும் காண்ட்ராக்ட் ஊழியர் உட்பட எல்லோரின் பெயர், வேலை, பணியிடம் கொண்ட ஒரே பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். சமூகப் பிரிவும் அதில் இருந்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரியும்.

* மாஸ்க், பாதுகாப்பு உடை ஆகியவை பதவிப்படி இல்லாமல், நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தின்படி ஒதுக்கப்பட வேண்டும்.

* தொற்று வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. 'லீவு போட்டா கூலி போயிடும்' என்ற பயம் இருக்கும்வரை, காய்ச்சலோடும் வேலைக்கு வரத்தான் செய்வார்கள்.

* வார்டில் பணியாற்றியவர் தொற்றால் இறந்தால், பணியால் வந்தது என்றே எடுத்துக்கொண்டு இழப்பீடு தர வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

இதில் படிக்கிற நமக்கு என்ன வேலை?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இஎஸ்ஐ பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70% சம்பளம் கிடைக்கும். கரோனாவில் இறந்த இஎஸ்ஐ உறுப்பினர்களின் குடும்பத்துக்கு மாத உதவித்தொகைத் திட்டமும் 2021-ல் வந்தது. இதெல்லாம் கிடைக்க, காண்ட்ராக்டர் அந்த ஊழியரின் பெயரில் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

மேடவாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ உங்கள் அபார்ட்மெண்ட் சங்கம், உங்கள் ஆபீஸ், நீங்கள் போகும் தனியார் மருத்துவமனை என எல்லா இடத்திலும் தூய்மைப் பணி இன்று காண்ட்ராக்டில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அடுத்த மீட்டிங்கில் காண்ட்ராக்டரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இவங்க எல்லாருக்கும் இஎஸ்ஐ நம்பர் இருக்கா? லிஸ்ட் காட்டுங்க.' அந்த லிஸ்டில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா என்று சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.